பூட்டாத அலமாரி இருக்கும் கல்லூரி

அண்ணன் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள்: "அத்தை, நான் தமிழ்தான் படிக்கப் போகிறேன்." மூன்று நாள் அண்ணன் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் எனக்குப் போன் செய்தார். "நீதான் தமிழாசிரியை ஆயிற்றே, நீயே ஒரு கல்லூரியைப் பார்த்துச் சொல். எங்கே சேர்ந்தால் என்ன, எல்லா இடத்திலும் அதே தொல்காப்பியம்தானே" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்தான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. நான் இளங்கலை படித்த இடத்தில் தொல்காப்பியத்தை வினா-விடைத் தாள்களில்தான் படித்தோம். ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா என்று பிரித்து, நகலெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் வகுப்பில் தேறினேன். முதுகலையில் சேர்ந்த முதல் வாரம், பேராசிரியர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய பழைய உரையைக் கையில் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எந்த இடத்தில் அவர் பிறர் கருத்தை எடுத்துச் சொல்கிறார், எந்த இடத்தில் அதை மறுக்கிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று ஆண்டு தமிழ் படித்தவள், தமிழ் உரைநடை ஒரு பக்கத்தின் முன் ஊமையாக நின்றேன். அந்த நிலை இவளுக்கு வரக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஜனவரியிலேயே தேடத் தொடங்கினோம். மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு போனால் விண்ணப்ப வரிசையையும் பூட்டிய வகுப்பறைகளையும்தான் பார்க்க முடியும். கல்லூரி நடந்துகொண்டிருக்கும் நாளில் போக வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை அழைத்துப் போனேன்.

முதலில் பார்த்த கல்லூரியில் கட்டடம் புதிது. நூலகத்தில் புறநானூறு கேட்டேன். கண்ணாடி அலமாரிக்குள் உ.வே.சாமிநாதையர் பதிப்பு இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. 1894-இல் அவர் முதன்முதலில் அச்சேற்றிய நூலின் பிற்காலப் பதிப்பு அது. சாவி வைத்திருப்பவர் அன்று வரவில்லை. "மாணவர்கள் கேட்டால்?" என்றேன். "யாரும் கேட்பதில்லையே அம்மா" என்று பதில் வந்தது. அவர் மீது தவறில்லை. கேட்க வைக்காத வகுப்பின் மீதுதான் தவறு.

இரண்டாவது கல்லூரிக்கு ஓட்டுக் கட்டடம், மூங்கில் தட்டி அடித்த சைக்கிள் கொட்டகை. அங்கே அலமாரிக்குப் பூட்டே இல்லை. நூலகர் எடுத்துத் தந்த குறுந்தொகையின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஊதா மையில் தேதி முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தாள் நிறைந்து, அதன்மேல் இன்னொரு தாளையும் ஒட்டியிருந்தார்கள். கடைசி முத்திரை அதற்கு முந்தைய வாரத்தது. ஓரங்களில் பென்சிலால் அருஞ்சொற்பொருள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது பிழைதான். ஆனால் அன்று எனக்கு அந்தக் கிறுக்கல்களைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது.

துறைத்தலைவரிடம் கேட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் இருவரும் அமர்ந்தோம். ஆசிரியை ஒரு பாட்டை முதலில் ஓசையோடு வாசித்தார், பிறகு சீர் பிரித்து, பிறகு சொல் பிரித்து. உரை சொல்லவில்லை. "இது யார் கூற்று? தலைவியா, தோழியா?" என்று மட்டும் கேட்டார். ஒரு பையன் தோழி என்றான். "எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவன் தேடி முடிக்கும்வரை நின்றார். வகுப்பே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அவளும் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்குச் சாமிநாதையரின் வாழ்க்கையே சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் தலபுராணமுமாகப் படித்தவர் அவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அந்த ஆண்டிலேயே அங்கே முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், அதன் பின் பத்துப்பாட்டாகவும் புறநானூறாகவும் வளர்ந்தது.

திரும்பும் வழியில் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கும் போனோம். ஓலைச்சுவடியைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றவளிடம், ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும் என்றேன். "அப்படியென்றால் எடுவா, ஏடா என்று எப்படித் தெரியும் அத்தை?" என்றாள். எடு என்றால் ஒரே அசை, நிரை. ஏடு என்றால் இரண்டு அசை, நேர் நேர். செய்யுளில் எது பொருந்துகிறது என்று ஓசை காட்டிக்கொடுக்கும். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையைச் செத்த பாடம் என்று சொல்பவர்களை இந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதனால் அடுத்து விசாரித்த கல்லூரிகளில் ஒன்றைத் தவறாமல் கேட்டேன்: யாப்பை மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்களா, வெண்பா எழுதச் சொல்கிறீர்களா?

கல்வெட்டு, செப்பேடு என்று போக நினைக்கும் பிள்ளைகள் இன்னொன்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சோழர் செப்பேடுகளில் சமஸ்கிருதப் பகுதி கிரந்த எழுத்தில் இருக்கும், தமிழ்ப் பகுதி தனியே வரும். தமிழ் மட்டும் தெரிந்தால் பாதிச் செப்பேடுதான் படிக்கலாம். சமஸ்கிருதம் கற்க வழியுள்ள ஊரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சுவடி படிக்க ஆசையிருந்தால், பிற்பாடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஓலைச்சுவடித் துறை இருக்கிறது.

அண்ணனின் கவலை வேலை. அதையும் உட்கார்ந்து பேசினோம். பி.எட். முடித்தால் ஆசிரியர் தேர்வு, முதுகலைக்குப் பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட், இடையில் டி.என்.பி.எஸ்.சி. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். அண்ணன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முடிவில், "அந்த ஓட்டுக் கட்டடம்தானா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஓட்டுக் கட்டடம்தான். இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். முதல் மாதம் அண்ணியே பஸ் நிறுத்தம் வரை கூடப் போய்வந்தார்.

போன வாரம் எனக்கு ஒரு வெண்பா எழுதி அனுப்பியிருந்தாள். மழையில் நின்றுபோன பஸ்ஸைப் பற்றி, நான்கு அடி. மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது, சீரும் சீரும் சேரும் இடத்தில் ஓசை இடறுகிறது. நான் இடத்தைக் காட்டவில்லை. ஓசையோடு இரண்டு முறை வாசித்துப் பார் என்று மட்டும் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.