தலையில் இடிக்கும் விட்டம்

பழைய மரக் கொட்டகையைக் குடியிருக்கவும் தொழில் செய்யவும் ஏற்ற இடமாக மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேராவது முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவார்கள்: “நடுவுல குறுக்கே போற அந்த விட்டத்த எடுத்துடலாமா சார்?” மேல்தளம் போட்டால் அது சரியாக நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் கூரையின் பாரத்தால் இருபுறமும் சாய்ந்து கூரையைத் தாங்கும் கைமரங்கள் தூண்களை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அவை விலகாதபடி இழுத்துப் பிடித்திருப்பது அந்த விட்டம். முன்பு எவரோ அதை அறுத்துவிட்டிருந்த ஒரு கொட்டகையில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். தூணின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, முகடு நடுவில் தொய்ந்திருந்தது. எஃகுக் கம்பி கொடுத்து முறுக்கி இழுத்தோம். மேற்கொண்டு சாயாமல் நின்றதே தவிர, பழைய நேருக்கு வரவில்லை.

ஆகவே நான் விட்டங்களை முதலில் வரைந்துகொண்டுதான் அறைகளை யோசிப்பேன். விட்டத்துக்கும் விட்டத்துக்கும் நடுவே உள்ள கண்ணறைதான் அளவு. ஒரு கண்ணறையை முகடு வரை திறந்தே விட்டுவிட்டு, ஓரத்துக் கண்ணறைகளில் மட்டும் மேல்தளம் போட்டால் யாரும் தலையை இடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மரத்தைச் சோதிப்பதைத் தூணின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். மேலே வைரம் பாய்ந்து நிற்கிற தூண், மண்ணைத் தொடுகிற ஒரு சாண் உயரத்தில் உளுத்துப்போயிருக்கும். சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்கிறது. கெட்டது பொத்தென்று அமுங்குகிறது. சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கலாம், ஈரமானி வைத்தும் பார்க்கலாம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். பூச்சித் துளைகளைக் கண்டு நான் கவலைப்பட்டபோது கூட இருந்த மூத்த தச்சர் கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்துவைத்தார். “விடுங்க தம்பி, நாலு நாள் கழிச்சுப் பாப்போம். தூள் கொட்டலேன்னா இது பழைய துளை.” கொட்டவில்லை. உளுத்த அடியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, அதே ஜாதிப் புதுமரத்தைச் சாய்வெட்டில் ஒட்டுப்போட்டு மரஆணி அடித்தார், இரும்பைத் தொடவில்லை. ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு, பிரித்து, மேலே நிறுத்தும்போது மரத்தின் நுனியில் செதுக்கிய எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று மாறாமலிருக்க அந்தக் காலத்துத் தச்சர்கள் போட்ட அடையாளம். அந்த இடங்களில் இழைப்பு இயந்திரம் வைக்கக் கூடாது என்று சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவைத்தோம்.

கொட்டகை இத்தனை காலம் கெடாமல் நின்றதற்கு அதன் ஓட்டைகளும் ஒரு காரணம். பலகை இடுக்குகளில் காற்று புகுந்து, நனைந்த மரத்தை அன்றன்றே உலர்த்திவிடும். அங்கே சமையலும் குளியலும் தொடங்கி, இடுக்குகளையும் அடைத்துவிட்டால் நீராவி சுவருக்குள் போய்க் குளிர்ந்து வியர்த்து, வெளியே தெரியாமல் மரத்தைத் தின்னும். எனவே சூடு வெளியேறாமல் தடுக்கும் வெப்பக்காப்பு அடுக்கை, தூணும் விட்டமும் சேர்ந்த சட்டகத்துக்கு வெளிப்புறமாகப் போர்த்துகிறேன். மரம் உள்ளே கண்ணுக்குத் தெரியும்படி, அறையின் சூட்டிலேயே இருக்கும். நார்ப்பலகை மாதிரி ஆவியை வெளியே விடுகிற பொருள்தான் சரிப்படும். குளிர்ப் பிரதேசமானால் முதல் பருவத்தில் ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கில் சுருங்கும். அவசரப்பட்டால் பெரிதாக வெடிக்கும்.

தீ பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. தடித்த மரம் மேலே கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பாகிறது. ஊசியிலை மரமானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான் கரிகிறது. அதற்காக வெளியேறும் வழியில் சமரசம் செய்ய முடியாது: மேலே தூங்குகிறவர் கீழே உள்ள பட்டறையைக் கடக்காமல் வெளியே போக வழி வேண்டும். பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதி, கூரையில் குடியிருக்கும் வௌவால், ஆந்தை தொடர்பான சட்டம், இதையெல்லாம் வரைவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி எல்லாவற்றையும் சக்கரத்தில் ஏற்றித் தருகிற வடிவமைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. சமையலறை, கழிப்பறை, மின்பலகை மூன்றையும் ஒரே கண்ணறைக்குள் அடுக்கிவிடுவேன். குழாய் வேறெங்கும் போகாது. மீதி இடத்தில் தடுப்புகள் தூணைத் தொடாமல் தனியாக நிற்கும், கழற்றினால் தூணில் ஒரு ஆணித்துளைகூட இருக்காது. அப்படிச் செய்த ஓரிடத்தில், அலுவலகமாக இருந்த கீழ்ப்பகுதிக்கு உரிமையாளரின் அம்மா குடிவந்தார், அலுவலகம் மேலே போனது. நகர்த்தியது தடுப்புகளை மட்டும்தான். கழிப்பறைக் கதவை 90 சென்டிமீட்டர் வைத்திருந்ததால் சக்கர நாற்காலியும் தடையில்லாமல் நுழைந்தது. சத்தம்தான் தீரவில்லை. மேலே யாராவது நாற்காலியை இழுத்தால் அம்மாவுக்குத் தூக்கம் கலைகிறது. தளப்பலகைக்கும் உத்திரத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை கொடுத்துப் பார்க்க இருக்கிறோம்.