மணிக்கூடு பிந்தினால் முதலில் மணிக்கூட்டைச் சந்தேகி

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு விஞ்ஞானக் கதை எழுதும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை எங்கிருந்தாலும் சரி. ஒரு விண்கலம் போகிறது. நடுவழியில் காலமும் வெளியும் குழம்பிக் கிடக்கும் ஓர் இடம் தென்படுகிறது. மாலுமிகள் ஆராயப் போகிறார்கள். கருவில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பக்கத்தில்தான் கதை சறுக்கும். தலைவர் திரையைப் பார்த்தவுடன் “இது காலப் பிளவு!” என்று கத்திவிடுவார். கண்டவுடன் பெயர் வைத்தாயிற்று, இனி ஆராய என்ன மிச்சம்?

எப்படி ஆராய்வது என்பதற்கு நம் மட்டக்களப்பு வாவியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட், பாடும் மீனின் ஓசையைக் கேட்க இரவில் வள்ளத்தில் போனார். ஓசை கேட்டது. வள்ளத்தின் பலகையில் காதை வைத்தார், ஓசை கூடியது. ஆகவே அது காற்றில் வரவில்லை, நீரில் வருகிறது. வள்ளத்தை நகர்த்தினார். சில இடங்களில் ஓசை கூடியது, சில இடங்களில் அறவே இல்லை. தொடங்கிய இடத்துக்கே திரும்பினார், அங்கே மறுபடி கேட்டது. மீன்பிடிகாரர் ஊரி எனும் நத்தைச் சிப்பியைக் காட்டி இதுதான் பாடுகிறது என்றார்கள். அதை அவர் எழுதி வைத்தார். கல்லடியில் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்கும் பழக்கமும் இதே சோதனைதான்: துடுப்பை எடுத்தால் ஓசை நிற்க வேண்டும், நிற்காவிட்டால் சத்தம் வேறெங்கோ இருந்து வருகிறது. உங்கள் விண்கலக் குழு செய்ய வேண்டியதும் இவ்வளவே. கருவியை மாற்று, இடத்தை மாற்று, திரும்பி வந்து பார்.

குழுவின் முதல் சந்தேகம் தன் கருவிமேல் விழ வேண்டும். இது வெறும் பணிவல்ல. நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். 2011இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை ஏறக்குறைய 730 கிலோமீற்றர் பயணித்த நியூத்திரினோ எனும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நனோ செக்கன் முந்தி வந்ததாகக் கணக்கு வந்தது. உலகமே அதிர்ந்தது. கடைசியில் முக்கிய காரணம் சரியாக இறுகாத ஓர் ஒளியிழைக் கேபிள். பயனியர் 10, 11 விண்கலங்கள் கணக்கிட்டதைவிட மிக மிகச் சிறிதளவு கூடுதலாக வேகம் குறைந்தன. ஈர்ப்பு விதியே பிழையோ என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2012இல் விடை வந்தது: கலத்தின் மின்மூலமும் கருவிகளும் விட்ட வெப்பம் ஒரு திசையில் கூடுதலாக வெளியேறி, கலத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் இடையிடையே விழுந்த விசித்திரத் துடிப்புகளுக்குக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பு. அது 2015இல் தெரிந்தது.

இந்த மூன்றிலும் எத்தனை கதை இருக்கிறது பாருங்கள்! கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பிடித்த பிளக்கால் வானொலி கரகரப்பது எல்லாருக்கும் தெரியும். உங்கள் கப்பலிலும் அப்படி ஒரு பிளக் இருக்கட்டும். முதல் எச்சரிக்கை அதனால் வரட்டும். இரண்டாவது எச்சரிக்கைக்கு அந்தக் காரணம் பொருந்தாமல் போகட்டும். அங்கேதான் வாசிப்பவருக்கு மயிர்க்கூச்செறியும்.

அடுத்தது மணிக்கூடு. கப்பலில் மூன்று அணு மணிக்கூடாவது வேண்டும். இரண்டு இருந்து ஒன்றோடொன்று முரண்பட்டால் எது பிழை என்று தெரியாது. மூன்று இருந்தால் தனித்து நிற்பதைச் சந்தேகிக்கலாம். 1967 முதல் ஒரு செக்கன் என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். இன்றைய ஒளியியல் மணிக்கூடுகள் பூமியில் ஒரு சென்ரிமீற்றர் உயர வேறுபாட்டையே காலத்தில் கண்டுபிடிக்கும். மேலே உள்ளது அவ்வளவு சிறிதாக முந்தி ஓடும். ஆனால் மூன்று மணிக்கூடும் ஒரே கப்பலில் இருந்தால் மூன்றும் ஒன்றாகவே பிந்தும், ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆகவே நான்காவது மணிக்கூட்டை ஓர் ஆய்வுக் கலத்தில் வைத்து உள்ளே அனுப்ப வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். உள்ளே போன கலத்திலிருந்து வரும் சமிக்ஞையின் அதிர்வெண் குறைந்தால், கலம் விலகிப் போவதாலும் இருக்கலாம், அங்கே காலம் மெதுவாக ஓடுவதாலும் இருக்கலாம். பிரிப்பதற்கு வழி உண்டு. தாய்க்கப்பலிலிருந்து ஒரு சமிக்ஞையை அனுப்பி, ஆய்வுக் கலம் அதை அப்படியே திருப்பி அனுப்பச் செய்யுங்கள். போகும்போது ஈர்ப்பு தந்ததை வரும்போது ஈர்ப்பே எடுத்துக்கொள்ளும். எனவே போய்வந்த சமிக்ஞையில் அசைவின் விளைவு மட்டும் இரட்டிப்பாக நிற்கும். அதைப் பாதியாக்கி, கலத்தின் சொந்த மணிக்கூடு அனுப்பிய ஒருவழிச் சமிக்ஞையின் மாற்றத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது காலத்தின் மாற்றம். இது கற்பனை அல்ல. 1976இல் ஐதரசன் மேசர் மணிக்கூடு ஒன்றை ரொக்கெற்றில் 10,000 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பி இப்படித்தான் ஐன்ஸ்டைனின் கணக்கைச் சரிபார்த்தார்கள்.

இனி எண்கள். எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காலத்தைக் குழப்பும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள் சூரியனைப்போல் 10 மடங்கு திணிவுள்ள கருந்துளை என்று வைப்போம். அதன் எல்லை ஆரை, அதாவது உள்ளே போனது திரும்ப முடியாத எல்லையின் ஆரை, ஏறக்குறைய 30 கிலோமீற்றர். கப்பலின் நீளம் 100 மீற்றர். 10,000 கிலோமீற்றர் தொலைவில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஐந்தரைச் செக்கன்தான். அங்கே கப்பலின் மூக்குக்கும் வாலுக்கும் இடையிலான ஈர்ப்பு வித்தியாசம் புவியீர்ப்பின் 27 மடங்கு. கப்பல் முறியும். இவ்வளவு ஆபத்துக்கும் கால வித்தியாசம் எவ்வளவு? நாளுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். சிறிய கருந்துளை காலத்தைக் கணிசமாக இழுக்கும் முன் ஆளைக் கிழித்துவிடும். “கிட்டப் போனோம், திரும்பினால் நூறு வருடம்” என்று சிறிய கருந்துளையை வைத்து எழுதினால் கணக்கு நிற்காது.

அதே கருந்துளையிலிருந்து ஒரு இலட்சம் கிலோமீற்றரில் நிறுத்துங்கள். இழுவிசை வித்தியாசம் புவியீர்ப்பின் நூறில் மூன்று பங்குக்குள் அடங்கும். ஒரு சுற்று 2 நிமிடம் 52 செக்கன். மணிக்கூடு நாளுக்கு 19 செக்கன் பிந்தும். என் கணிப்பில் கதைக்கு மிகப் பொருத்தமான எண் இந்த 19தான். உடம்புக்கு எதுவும் தெரியாது, தேநீர் வழமைபோலக் கொதிக்கும், நாடித்துடிப்பும் மாறாது. உள்ளே இருப்பவர் தன் காலம் மெதுவாவதை ஒருபோதும் உணரமாட்டார். வெளியிலுள்ள மணிக்கூட்டோடு ஒப்பிட்டால் மட்டுமே தெரியும்.

நூறு வருடமே வேண்டுமானால் பெரிய கருந்துளைக்குப் போங்கள். நம் பால்வீதியின் மையத்தில் சூரியனைப்போல் ஏறக்குறைய 43 இலட்சம் மடங்கு திணிவுள்ள ஒன்று இருக்கிறது. 2022இல் அதன் படம் வெளியானது. அதன் எல்லை ஆரை 1.27 கோடி கிலோமீற்றர். அது சுழலாத கருந்துளை என்று எடுத்துக்கொண்டால், ஆரையின் மூன்று மடங்கில்தான் நிலையாகச் சுற்றக்கூடிய கடைசிப் பாதை. அங்கே இழுவிசை வித்தியாசம் தெரியவே தெரியாது. கப்பலில் 24 மணித்தியாலம் போக, வெளியே 33 மணி 56 நிமிடம் போயிருக்கும். அந்தப் பாதையிலும் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. நூறு வருடத்துக்கு எல்லையை ஒட்டி, எந்திரத்தை ஓயாமல் எரித்து நிற்க வேண்டும். எரிபொருளுக்குக் கதையில் பதில் வைத்திருங்கள்.

வேகம் மாறுவதை அளக்கும் ஆர்முடுகல்மானிகளைப் பற்றி ஒரு சொல். சுற்றுப்பாதையில் மிதக்கும் கப்பலின் நடுவில் வைத்த ஆர்முடுகல்மானி பூச்சியம் காட்டும், எவ்வளவு பெரிய ஈர்ப்பு இருந்தாலும். மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று வைத்து இரண்டின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பின்னணி நட்சத்திரங்களையும் நான்கு இடங்களிலிருந்து படம் பிடித்துப் பழைய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஈர்ப்பு ஒளியையும் வளைக்கும்: சூரியனின் ஓரத்தை உரசி வரும் ஒளியே 1.75 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு) வளைகிறது.

தாய்க்கப்பல் 1.8 கோடி கிலோமீற்றர் தள்ளி நின்றால் ஒரு சொல் போய்ச்சேர ஒரு நிமிடம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டு நிமிடம். உரையாடல் அந்த இடைவெளியைச் சுமக்க வேண்டும். தாய்க்கப்பலில் அக்கா, கருந்துளைக்குக் கிட்டே தம்பி:

“தம்பி, மூண்டு மணிக்கூட்டையும் பாத்தியா?”

இரண்டு நிமிடம்.

“ஓம் அக்கா. மூண்டும் ஒண்டாத்தான் ஓடுது.”

“கேபிளக் கழட்டித் திருப்பிப் பூட்டு. மறுகா சொல்லு.”

இரண்டு நிமிடம். பிறகு இன்னும் கொஞ்சம்.

“பூட்டிட்டன் அக்கா. அப்பவும் பத்தொம்பதுதான்.”

இதற்குள் எந்த விளக்கமும் தேவையில்லை. அக்காவை உடனே பதில் சொல்ல விடாதீர்கள். அவர் பயப்படுவதை அந்த மௌனம் காட்டும்.

பதிவேட்டை எழுதும்போது ஆறு நிரல் போதும்: கப்பல் நேரம், கலத்தின் நேரம், தொலைவு, ஒருவழி மாற்றம், போய்வந்த மாற்றத்தின் பாதி, கருவியில் என்ன மாற்றினோம் என்பது. கடைசி நிரலை வெறுமையாக விடவே கூடாது. கலத்தை இரண்டு இலட்சம் கிலோமீற்றருக்கு விலக்குங்கள், வித்தியாசம் ஒன்பதரைச் செக்கனாகக் குறைய வேண்டும். திரும்ப ஒரு இலட்சத்துக்கு இறக்குங்கள், 19 வர வேண்டும். வந்தால் பொருள் வெளியே இருக்கிறது. இரண்டு இலட்சத்திலும் 19ஆகவே நின்றால் பிழை கப்பலுக்குள். மீண்டும் பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு இலட்சத்துக்குத் திரும்பிய பின் 23 வந்தால், தொலைவு சரிதானா என்று முதலில் அளந்து பார்க்கட்டும். அதுவும் சரியென்றால் அந்த ஆறாவது நிரலில் உங்கள் மாலுமி என்ன எழுதுகிறார் என்பதிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.