படத்தில் இருப்பவர்கள்

பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களுக்கு இன்டெக்ஸ் போடுவது கொஞ்ச காலம் என் வேலையாக இருந்தது. சென்னையில் இந்த மாதிரி வேலை எடுத்துச் செய்யும் கம்பெனிகள் நிறைய உண்டு. அங்கே நூலகத்தில் ஸ்கேன் செய்த பக்கங்கள் இங்கே எங்கள் திரைக்கு வரும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு ஃபார்ம். பொருள், கம்பெனி, தலைப்பு வாசகம், எதைச் சொல்லி விற்கிறார்கள், படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வரிசையாக நிரப்ப வேண்டும். முடித்த பேட்ச் க்யூசி என்ற தரச் சோதனைக்குப் போகும், தப்பு அதிகமிருந்தால் திரும்பி வரும். கேட்பவர்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு என்னவோ பிடித்திருந்தது.

பொருள், கம்பெனி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். எதைச் சொல்லி விற்கிறார்கள் என்ற கட்டத்தில்தான் கை நிற்கும். லிஸ்டரின் விளம்பரங்களில் அதைப் பழகினேன். 1879-ல் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாக உருவான திரவம் அது. ஜோசப் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் பெயரை வைத்தார்கள். 1920-களில் அதே திரவத்தை வாய் நாற்றத்துக்கு மருந்தாக விளம்பரம் செய்து விற்றார்கள். எட்னா என்ற பெண்ணின் விளம்பரம் அந்தக் காலத்தில் ரொம்பப் பிரபலம். எட்னாவின் நிலைமை உண்மையிலேயே பரிதாபமானது என்று ஆரம்பிக்கிறது. கூடப் பழகிய பெண்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது, அல்லது ஆகப்போகிறது. இவள் எல்லார் கல்யாணத்திலும் மணப்பெண் தோழியாக நிற்கிறாள், மணப்பெண்ணாக மட்டும் ஆகவில்லை. வயது முப்பதை நெருங்குகிறது. காரணம் வாய் நாற்றம். அது இருப்பது உங்களுக்கே தெரியாது, நெருங்கிய தோழிகள்கூடச் சொல்ல மாட்டார்கள் என்று முடிக்கிறார்கள்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இத எங்க பெரியம்மா எழுதிக் குடுத்தாங்களா?" என்றார். அந்த ஷிஃப்ட் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் கவனித்துப் பாருங்கள், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அங்கே இடமே கம்மி. உங்கள் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் விஷயம். எங்கள் கைடுலைனில் அதற்கு ஒரு கோடு (code) இருந்தது: ‘பிறர் மதிப்பீடு’. நான் அதிகமாக அடித்த கோடு அதுவாகத்தான் இருக்கும்.

கார் விளம்பரங்களிலும் அதே கதைதான், கொஞ்சம் கௌரவமாக. ஃபோர்டின் மாடல் டி 1908-ல் 850 டாலரில் ஆரம்பித்து 1920-களில் 300 டாலருக்கும் கீழே இறங்கிய கார். ஒன்றரைக் கோடி கார்கள் விற்றும் 1927-ல் அதை நிறுத்தவேண்டி வந்தது. போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வருஷா வருஷம் மாடலை மாற்றினார். தவணையில் வாங்கக் கடன் கொடுக்க 1919-லேயே அவர்கள் தனியாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். நன்றாக ஓடுகிற கார் வைத்திருந்தவருக்குக்கூடப் போன வருஷத்து மாடலோடு தெருவில் நிற்பது கூச்சமாகிவிட்டது.

அமெரிக்கக் கனவு என்ற பேச்சைப் பரவலாக்கியவர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், 1931-ல். அது வெறும் மோட்டார் காருக்கும் கூடுதல் சம்பளத்துக்குமான கனவு இல்லை என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். நான் டேக் செய்த பக்கங்களில் மோட்டார் காரும் கூடுதல் சம்பளமும்தான் இருந்தன.

படத்தில் இருப்பவர்கள் என்ற கட்டத்துக்கு ஆண், பெண், குழந்தை, வேலையாள் என்று பட்டியல் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பேட்ச்களில் கறுப்பின முகம் வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் கடைசிக் கோடுதான். கோதுமைக் கஞ்சி விளம்பரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர், பான்கேக் மாவு விளம்பரத்தில் தலையில் துணி கட்டிய ஜெமைமா என்ற பணிப்பெண். சாப்பிட உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்கள்.

1937 பிப்ரவரி லைஃப் இதழில் ஒரு பக்கம் எங்களைத் தடுமாற வைத்தது. மார்கரெட் பர்க்-வைட் எடுத்த போட்டோ. ஒஹையோ நதி வெள்ளத்தில் லூயிவில் நகரம் மூழ்கியபோது எடுத்தது. மேல் பாதியில் பெரிய விளம்பரப் பலகை: காரில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு நாய், எல்லாம் வெள்ளைச் சிரிப்பு. உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் என்று கொட்டை எழுத்து. தேசிய உற்பத்தியாளர் சங்கம் நாடு முழுக்க வைத்த பலகை அது. அதன் கீழே கூடையும் வாளியுமாகக் கறுப்பின மக்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை.

"மேடம், இதுல விளம்பரம் இருக்கே, ஃபார்ம் போடணுமா?"

"பத்திரிகைக்கு யாராவது காசு குடுத்துப் போட்டாங்களா? இல்லல்ல. எடிட்டோரியல். ஸ்கிப் பண்ணுங்க."

விதிப்படி அவர் சொன்னது சரி. ஸ்கிப் செய்தேன்.

போர் முடிந்தபின் வீட்டு விளம்பரங்கள் வந்து குவிந்தன. நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி லெவிட் கம்பெனி 1947 முதல் ஒரே அச்சில் 17,000-க்கும் மேல் வீடு கட்டியது. 1949 மாடலுக்கு விலை 7,990 டாலர். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன். வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது. விளம்பரத்தை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே வராது. அந்தப் பக்கங்கள் அமெரிக்கா எப்படி வாழ்ந்தது என்று சொல்லும் என நினைத்துத்தான் நான் வேலையில் சேர்ந்தேன். எதற்கு ஏங்கினார்கள், எதற்குக் கூசினார்கள் என்பதைத்தான் அவை சொல்கின்றன. அதுவும் விளம்பரம் எழுதியவன் கணக்குப்படி.

எபனி பேட்ச்கள் வந்தபோது வேலை மாறியது. ஜான் ஹெச். ஜான்சன் 1945-ல் சிகாகோவில் கறுப்பின வாசகர்களுக்காகத் தொடங்கிய பத்திரிகை. பத்திரிகை விற்றது, பெரிய கம்பெனிகளின் விளம்பரம்தான் வரவில்லை. ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் மெக்டொனால்டு ஒரு காலத்தில் துருவப் பகுதிக்குப் போனவர் என்று ஜான்சன் தெரிந்துகொண்டார். வட துருவப் பயணத்தில் அமெரிக்கரான ராபர்ட் பியரியோடு போன கறுப்பினத்தவர் மேத்யூ ஹென்சன். ஹென்சனுடைய புத்தகத்தில் அவரிடமே கையெழுத்து வாங்கி ஜான்சன் அதை மெக்டொனால்டிடம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். ஜெனித் விளம்பரம் வந்தது, அதன் பின்னால் மற்றவையும் வந்தன. கறுப்பினத்தவர் கையிலும் காசு இருக்கிறது என்று அதற்கப்புறமும் ஜான்சன் வருஷக்கணக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி விளக்கவேண்டியிருந்தது. குடிமகன் என்று ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே வாடிக்கையாளர் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கோபம் வருகிற விஷயம்தான். ஆனாலும் அந்தப் பேட்ச்களில் வேலையாள் கோடைத் தொடவே தேவையில்லாமல் பக்கம் பக்கமாக ஆண், பெண், குழந்தை என்று அடித்துக்கொண்டு போனதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அதே இதழ்களில்தான் நாடினோலா வந்தது. முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம். நிறம் தெளிந்தால் வாழ்க்கையே கலகலப்பாகும் என்கிற தொனி. எட்னாவுக்கு அடித்த ‘பிறர் மதிப்பீடு’ கோடையே இதற்கும் அடித்தோம். புதிதாக ஒரு பொருள் வந்தால் எதில் சேர்ப்பது என்று டீமில் பத்துக் கேள்வி கிளம்பும். நாடினோலாவுக்கு ஒருவரும் கேட்கவில்லை. 1975-லிருந்து ஃபேர் அண்ட் லவ்லி விற்ற ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். பேட்ச் ஒரே தடவையில் க்யூசி-யைத் தாண்டியது.