பாம்பன் நாட்குறிப்பு: கணக்கில் எழுதாத மீன்

2020 மார்ச் 24, செவ்வாய்

சாயங்காலம் 6 மணியிலிருந்து 144. ராமநாதபுரத்திலிருந்து நெரிசலான பஸ்ஸில் வந்து இறங்கினேன். ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் பேசினார்: 21 நாள் ஊரடங்கு. நான் கணக்கு எழுதும் கடையில் சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை செய்தியைக் கேட்டார். "அரிசி இருக்கு, உப்பு இருக்கு" என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

நாட்டுப்படகும் கடலில் இறங்கக் கூடாது. ராமேசுவரம் கோயிலில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை, ரயிலும் இல்லை. என் கணவர் திண்ணையில் உட்கார்ந்து நண்டு வலை பொத்துகிறார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தால், வேலையில்லாமல் வீட்டில் இருப்பது இந்தக் கரைக்குப் புதிதே இல்லை. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் எல்லாப் படகும் கரையில்தான். கடல்பாசி எடுக்கப் போகும் அத்தையும் மற்றப் பெண்களும் மாதத்தில் 12 நாள்தான் போவார்கள்: அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. யாரும் சட்டம் போடவில்லை, அவர்களே பேசி முடிவு செய்தது. "பாசி வளர வேணாமா?" என்பார். இவர்கள் பிழைப்பில் சும்மா இருக்கும் நாளுக்கும் முதலிலேயே இடம் உண்டு. மாதச் சம்பளத்தை நம்பி நான் போட்ட பட்ஜெட்டில் அப்படி ஒரு நாள்கூட இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

ரேஷனில் 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும். வட்டம் போட்ட இடத்தில் நின்று வாங்கி வந்தோம்.

ஏப்ரல் 17, வெள்ளி

நாட்டுப்படகுக்கு அனுமதி கிடைத்து அவர் போய்விட்டு வந்தார். விடிகாலையில் கரையில் உட்கார்ந்து எல்லோரும் நண்டு கழற்றினோம். முதுகை அழுத்திப் பிடித்து, பின்னால் இருக்கும் துடுப்புக் காலை முதலில் நூலிலிருந்து விடுவிக்க வேண்டும். கொடுக்கு கடைசியில். கொடுக்கு ஒடிந்தால் விலை போச்சு, நூல் அறுந்தால் வலை போச்சு. அத்தை விரல்கள் பார்க்காமலே செய்கின்றன. பாசி எடுக்கும்போது பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிச் சுற்றி அந்த விரல்கள் காய்த்துப் போயிருக்கின்றன.

வெளிநாட்டுக்கு நண்டு போகவில்லை என்று வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. வயிறு எரிந்தது. அந்த விலைக்குக் கொடுத்த பிறகும் அத்தை கறிக்கென்று ஒதுக்கியதில் கை வைக்க விடவில்லை. ஓலைப்பெட்டியோடு வந்து நின்ற பாட்டிக்கு ஒரு பங்கு, கடலில் மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு பங்கு. நல்ல காலத்திலும் இது உண்டுதான். கையில் காசில்லாத காலையில் இதைப் பார்ப்பது வேறு.

ராத்திரி நோட்டில் யார் வீட்டுக்கு என்ன கொடுத்தோம், யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை எட்டிப் பார்த்தார். "கறிமீனுக்குக் கணக்கு எழுதுவாங்களா, தாயி?"

ஏப்ரல் 25, சனி

முதல் நோன்பு. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சக் கூடாது என்பதால் அரிசியை வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். எதிர் வீட்டு அக்கா அதில் காய்ச்சி ஒரு தூக்குச்சட்டி கொடுத்து விட்டார். பூண்டும் வெந்தயமும் மணக்க, சூடாக. தூக்கைக் கழுவி, காரல் கருவாடு போட்டு அப்போதே திருப்பித் தரக் கிளம்பினேன்.

அத்தை தடுத்தார். "உடனே கொடுத்தா கடனை அடைச்ச மாதிரி ஆயிரும். நாலு நாள் நம்ம வீட்டுல இருக்கட்டும்."

இதை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அதைத்தான் கௌரவம் என்று நம்பியிருந்தேன். இந்தத் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த ஒரு மாதமாக ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. கொடுப்பது எனக்கு எப்போதும் வரும். கை நீட்டி வாங்கிக்கொண்டு, அந்தப் பாக்கியோடு நிம்மதியாகத் தூங்குவது இப்போதுதான் பழகுகிறது.

மே 18, திங்கள்

ஆம்பன் புயல். மறுபடியும் கடலுக்குப் போகத் தடை. படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்கள். கடையிலிருந்து ஏப்ரல் சம்பளம் பாதி வந்தது. மருந்துக்கும் கேஸுக்கும் சரியாகப் போயிற்று.

ஜூன் 1, திங்கள்

பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. விசைப்படகுத் தடைக்காலத்தையும் இந்த வருஷம் 47 நாளாகக் குறைத்து நேற்றோடு முடித்துவிட்டார்கள். முகக்கவசத்தோடு வேலைக்குப் போனேன். பக்கத்து மேஜையில் இருக்கும் அக்காவின் கணவருக்குத் திருப்பூரில் வேலை போய்விட்டதாம். இரண்டு பிள்ளைகள். அத்தையிடம் சொன்னேன். எவ்வளவு என்று கேட்காமல் நெத்திலிக் கருவாட்டையும் ரேஷன் அரிசியில் கொஞ்சத்தையும் கட்டி வைத்துவிட்டார். நாளைக்கு எடுத்துப் போக வேண்டும். வியாபாரியின் முன்பணம் அப்படியே நிற்கிறது, சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) வலுத்திருப்பதால் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், இறங்க முடியாது, என் கணவர் வடகடலுக்கு, பாக் நீரிணைப் பக்கம், வலையைக் கொண்டுபோகிறார். அந்த அக்கா பையைப் பார்த்ததும் எப்போது திருப்பித் தருவது என்றுதான் முதலில் கேட்பார். என்ன சொல்வது என்று இப்போது எனக்குத் தெரியும்.