டீச்சர் வைத்த மூன்று பீக்கர்

தாவரவியல் டீச்சர் காலமான செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று முக்கால்வாசிப் பேர் எழுதியது உருளைக்கிழங்கைப் பற்றித்தான். டாக்டரானவர், பனியன் கம்பெனி வைத்திருப்பவர், மெல்போர்னில் லாரி ஓட்டுபவர் என்று எல்லோருக்கும் அதே ஞாபகம். நம் பழைய மாணவர் சங்க மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது, நானும் அந்தக் கிழங்கைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அது சோறு போடும் தொழிலாகவே ஆகிவிட்டது.

சவ்வு வழியாகத் தண்ணீர் நகர்வதைக் காட்டும் உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் செய்முறையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் சீவி, அடியைத் தட்டையாக அறுத்து, நடுவில் குடைந்து, சர்க்கரைக் கரைசலைப் பாதி ஊற்றி, மட்டத்தில் குண்டூசி குத்தி, தண்ணீர் உள்ள பீக்கரில் வைப்போம். மட்டம் ஏறியதும் "சவ்வூடு பரவல் நிரூபிக்கப்பட்டது" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. நம் டீச்சருக்கு அதன் பிறகுதான் பாடமே தொடங்கும்.

நீண்ட காம்புள்ள கண்ணாடித் திசில் புனலின் வாயில் சவ்வாகக் கட்ட ஆட்டு மூத்திரப்பையைக் கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கி வரச் செய்வார். 1748இல் நொல்லே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பன்றியின் மூத்திரப்பையை ஜாடி வாயில் கட்டிப் பார்த்ததை, அடுத்த வீட்டில் நேற்று நடந்ததுபோல அவர் சொல்லக் கேட்க வேண்டும். ரியோ என்ற அழகுச்செடியின் இலையிலிருந்து ஊதாத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைப்பார். உப்புக் கரைசல் பட்டதும் செல்லுக்குள் இருப்பது சுவரை விட்டு விலகிச் சுருங்கும். மேலே மூடிய மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து உறிஞ்சி, மறு ஓரத்தில் நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி விரிந்து சுவரைத் தொடும். "ரொம்ப நேரம் உப்புல விட்டுட்டா திரும்ப வராது, சீக்கிரம் பாருங்க கண்ணு" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டுவார்.

மூன்று பீக்கர் விஷயம் பதினொன்றாம் வகுப்பில் நடந்தது. "தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாம் நாளைக்கு அவங்கவங்க கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாங்க" என்றார். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்திலிருந்து வந்த பையன் ஒருவன் கொண்டு வந்தான். நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த எங்கள் அப்பாரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து நான் கொண்டு போனேன். அணை 1992இல் கட்டி முடிந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயத் தண்ணீர்தான் வந்து நின்றது. அது ஊறிக் கிணறுகளும் உப்பாகிவிட்டன என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே அளவில் குடைந்த மூன்று கிழங்குகள். ஒரு பீக்கரில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் வாய்க்கால்காரன் தண்ணீர், ஒன்றில் எங்கள் தண்ணீர். முதல் இரண்டில் கரைசல் குண்டூசியைத் தாண்டி நன்றாக ஏறியது. எங்கள் தண்ணீரில் இருந்த கிழங்கில் ஏறியும் ஏறாததுமாக நின்றது.

டீச்சர் அதைக் காட்டி ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். சவ்வு தண்ணீரை விடும், கரைந்திருப்பதை எளிதில் விடாது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் போகும். வேர்த்தூவி தண்ணீர் எடுப்பதும் இப்படித்தான். செல்லுக்குள் இருக்கும் சாறு மண்ணின் நீரைவிடச் செறிவாக இருக்க வேண்டும். மண்ணிலும் உப்பு ஏறிவிட்டால் அந்த வித்தியாசம் குறைந்துபோகும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் நின்றாலும் செடி வாடும். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தென்னை வாடுதுன்னு அப்பாரு உரத்தைக் கூட்டிப் போடறாரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க டீச்சர்."

"உரமும் உப்புதான் கண்ணு. போய்ச் சொல்லு."

அன்று சாயங்காலமே சொன்னேன். அப்பாரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். "அப்ப மரம் தண்ணியில நின்னுக்கிட்டே தாகத்துல சாகுதுங்கற" என்றார். உரம் போடுவதை நிறுத்தினார். மரங்கள் பிழைக்கவில்லை. ஆனால் அவர் வைத்தியத்தில்தான் குறை என்று வீட்டில் அதுவரை நடந்த சண்டை அதோடு நின்றது. அதற்காகவே டீச்சரை என் அம்மா சாகும் வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் வேதிப் பொறியியல் படித்துச் சிங்கப்பூர் வந்து, கடல்நீரைக் குடிநீராக்கும் வேலையில் சேர்ந்தேன். அந்த உருளைக்கிழங்கைத் தலைகீழாக்கினால் என் வேலை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 27 பார். அதைவிடக் கூடுதலாக, ஆலையில் நடைமுறையில் 55, 60 பாருக்கும் மேல், அழுத்தினால்தான் தண்ணீர் எதிர்த்திசையில் சவ்வைத் தாண்டி வரும், உப்பு இந்தப் பக்கமே தங்கிவிடும். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான் என்றால் அந்த அழுத்தம் புரியும். இதற்குப் பயன்படும்படியான முதல் சவ்வை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோயப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். டீச்சரிடம் போனில் இதைச் சொன்னபோது, "இத்தனை வருஷம் இதைத் தெரியாமலே பாடம் நடத்திட்டேனே" என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரமே வகுப்பில் சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்றானதும், திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நான் செய்யும் இதே எதிர் சவ்வூடு பரவல் முறை முக்கியமாகிவிட்டது. பருத்தியில் சாயம் ஏற லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்புப் போடுவார்கள். துணியில் சாயம்தான் ஏறும், உப்பு தண்ணீரிலேயே கிடக்கும். அதைப் பிரித்தெடுப்பது சாதாரண வேலையில்லை. சவ்வு அடைத்துக்கொள்ளும், மிஞ்சும் அடர் உப்பு நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும், செலவு பயங்கரம். அனுபவம் உள்ள ஆட்கள் அப்போது அவசரமாகத் தேவைப்பட்டார்கள்.

டீச்சர் கூப்பிட்டார். ஓய்வு பெற்றிருந்தார். "உனக்குத் தெரிஞ்ச வேலை இப்ப நம்ம ஊர்ல நடக்குது கண்ணு. வந்துடறயா?" என்றார். பையன் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் என்று சொன்னேன். "சரி சாமி, சவுகரியம் பார்த்துச் செய்" என்றார். கோபமே இல்லை. பிறகு எத்தனையோ முறை பேசியும் அதை அவர் திரும்பக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சங்கம் அவர் பெயரில் ஆய்வகத்துக்கு ஏதாவது செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். கல்வெட்டு வேண்டாம். நல்ல நுண்ணோக்கிகளும், பிள்ளைகள் தங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளந்து பார்க்கும் மீட்டர்களும் வாங்கிக் கொடுப்போம். பக்கத்திலேயே உருளைக்கிழங்கும் குண்டூசியும் இருக்கட்டும். என் பங்கை இந்த மாதமே அனுப்புகிறேன். விடுமுறையில் வரும்போது ஆய்வகத்தில் நின்று சொல்லிக்கொடுக்கவும் சம்மதம். டீச்சர் என்னிடம் கேட்டது இதைவிடக் கூடுதல் என்பது எனக்குத் தெரியும்.