கையை விட்டுப் போக மறுத்த அம்பு

பலகையில் சிறு அம்புகளைக் கையால் எறியும் டார்ட்ஸ் விளையாட்டு என்றால் 16 முறை உலகச் சாம்பியனான ஃபில் டெய்லரைச் சொல்வார்கள். இன்றைய பிள்ளைகளோ 2025 ஜனவரியில், 17 வயதிலேயே உலகப் பட்டம் வென்ற லூக் லிட்லரைச் சொல்வார்கள். இருவரும் பெரியவர்கள்தாம். ஆனாலும் இந்த விளையாட்டில் என் மனத்தை முழுதாக ஆட்கொண்டவர் இருவருக்கும் முந்திய எரிக் பிரிஸ்டோ. அவர் வென்ற உலகப் பட்டங்கள் ஐந்துதான். அந்த ஐந்துக்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய பெருமை விளங்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் இந்த விளையாட்டு அதிகம் பேருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது நல்ல பலகை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டுப் போனான். மாலையானால் தெருப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். கோட்டுக்கும் பலகைக்கும் இடையே 2.37 மீட்டர் தூரம்; பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம். 501 புள்ளிகளில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி அம்பை இருமடங்குப் புள்ளி தரும் வெளிவட்டமான டபுளிலோ 50 புள்ளி தரும் நடுப்புள்ளியிலோ போட்டுச் சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். எல்லோரும் குறிவைப்பது 20-இன் ட்ரிபிளை, அதாவது மும்மடங்குப் புள்ளி தரும் பட்டையை. அந்தப் பட்டையின் அகலம் சுமார் 8 மில்லிமீட்டர். அதற்கு இருபுறமும் 1-ஐயும் 5-ஐயும் வைத்திருக்கிறார்கள். கை சற்றே விலகினால் அறுபது கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ ஐந்தோதான் கிடைக்கும். முதல் நாளே பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டு, பலகையில் எண்களை அடுக்கியவனைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பிரிஸ்டோ 1957-இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் தந்தை வாங்கித்தந்த பலகையில் பழகியவர். 1977-இல், 20 வயதில், வேர்ல்டு மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். 1980-இல் பாபி ஜார்ஜையும் 1981-இல் ஜான் லோவையும் தோற்கடித்து உலகச் சாம்பியனானார். அம்பைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் மட்டும் தனியே மேலே நிற்கும். எதிராளியைச் சீண்டுவார், கூச்சலிடும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார், தாமே வெல்வதாக முன்கூட்டியே அறிவிப்பார். இந்தக் குணம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அம்பு விடும் பதிவுகளைப் பார்த்தால், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எங்கும் ஒரு தடங்கல் இல்லாத அந்த ஓட்டம் கண்ணைவிட்டு நீங்காது.

1983 இறுதிப் போட்டியை ஒவ்வோர் அம்பாகப் பார்க்க வேண்டும். எதிரே நின்றவர் தகுதிச் சுற்று வழியாக உள்ளே வந்த 23 வயது கீத் டெல்லர். செட் கணக்கில் 5-3 என்று பின்தங்கியிருந்த பிரிஸ்டோ 5-5 என்று சமன்செய்துவிட்டார். கடைசி செட்டில், கையில் ஓர் அம்பும் கணக்கில் 50-ம் மீதமிருந்த ஒரு கட்டம் வந்தது. நடுப்புள்ளியில் போட்டால் ஆட்டத்தின் அந்தச் சுற்று அவருடையது. டெல்லருக்கோ இன்னும் 138 தேவை. ஒரு முறைக்கு உரிய மூன்றே அம்புகளில் அதை முடிப்பது அரிது. எனவே பிரிஸ்டோ நடுப்புள்ளியை விட்டுவிட்டு 18-இல் போட்டு, அடுத்த முறை தமக்குப் பிடித்த டபுள் 16-இல் முடிக்க 32-ஐ மிச்சம் வைத்தார். டெல்லர் வந்து ட்ரிபிள் 20, ட்ரிபிள் 18, டபுள் 12 என்று மூன்றையும் போட்டு உலகச் சாம்பியனாகிவிட்டார். அந்த முடிவைத் தவறு என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நடுப்புள்ளியைவிட டபுளில் முடிப்பது எளிது, எதிராளி 138 போடுவதற்கான வாய்ப்பும் குறைவு. கணக்கு சரியாகவே இருந்தது, டெல்லர் அதைவிடச் சிறப்பாக ஆடினார். பிரிஸ்டோ அடுத்த மூன்று ஆண்டுகளும், 1984, 1985, 1986 என்று தொடர்ந்து பட்டத்தை வென்று பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அவரை வேறு மனிதராக்கியது. 1986 முடியும் தறுவாயில் அவருடைய விரல்கள் அம்பை விட மறுத்தன. கை முன்னே போகும். விடவேண்டிய நொடியில் விரல்கள் இறுகிக்கொள்ளும். டார்ட்ஸ் உலகில் இதற்கு டார்ட்டைட்டிஸ் என்று பெயர். உடலில் காயம் கிடையாது, வலி கிடையாது. பல்லாயிரம் முறை யோசிக்காமல் செய்த செயலை மனம் திடீரென்று கவனிக்கத் தொடங்க, கை சிக்கிக்கொள்கிறது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு தவில் வித்வானுக்கு வலக்கை விரல்கள் இப்படித்தான், வாசிக்கும்போது அணியும் கூடுகளை மாட்டியபின் அசைய மறுத்தன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சொற்கட்டு அத்தனையும் வாயில் பிசகாமல் வரும், தோலில் மட்டும் வராது. அதனால் பிரிஸ்டோ பட்ட அவதி என்னவென்று எனக்குப் புரிகிறது. அப்படியிருந்தும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1987, 1989, 1990, 1991 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் உலக இறுதிப் போட்டிவரை போராடி வந்தார், நான்கிலும் தோற்றார்.

இதே காலத்தில்தான் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் ஃபில் டெய்லர் என்ற தொழிலாளியை அவர் கண்டெடுத்தார். டெய்லர் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, பிரிஸ்டோ நடத்திய மதுக்கடைக்கு வந்து ஆடுபவர். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடுவதற்குப் பிரிஸ்டோ அவருக்குப் பணம் கொடுத்தார், கடனாகத்தான் கொடுத்தார். பாராட்டிப் பேசி வளர்க்கும் குரு அல்லர் அவர். ஜெயித்தால் மட்டும் போன் செய் என்பார், தோற்றால் ஏசுவார் என்று சொல்கிறார்கள். அந்தக் கண்டிப்பை எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், டெய்லருக்கு அது பொருந்தியது.

1990 உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியில் குருவும் சீடனும் நேருக்கு நேர் நின்றார்கள். டெய்லர் அந்தப் போட்டிக்கான முன்னணித் தரவரிசையில் இடம்பெறாமலேயே உள்ளே வந்தவர். 6-1 என்று குருவை வீழ்த்தினார். தம் கை தம்மைக் கைவிட்ட காலத்தில், தாமே காசு போட்டு வளர்த்த கையிடம் ஒருவர் தோற்பதை என்னவென்று சொல்வது? நான் அதைத் தோல்வி என்று எழுதத் தயங்குகிறேன். தமக்குத் தெரிந்த வித்தையை ஒளிக்காமல் கொடுத்தவருக்குத்தான் அப்படிப்பட்ட ஒரு நாள் வாய்க்கும்.

1990-களின் தொடக்கத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள் பழைய அமைப்பிலிருந்து பிரிந்து புதிய உலகப் போட்டியைத் தொடங்கியபோது இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். அங்கே 1997 அரையிறுதியில் மறுபடியும் சந்தித்தார்கள். பிரிஸ்டோவின் சிறந்த நாட்கள் முடிந்துவிட்டதாக அனைவரும் எண்ணியிருந்த நேரம் அது. உச்சத்தில் இருந்த டெய்லரைக் கடைசி செட்வரை இழுத்துச் சென்று, 5-4 என்று தோற்றார்.

பிற்காலத்தில் தொலைக்காட்சியில் விளக்கவுரை தந்துவந்த அவர், பாலியல் கொடுமைக்கு ஆளான கால்பந்து வீரர்களைப் பற்றி 2016-இல் இழிவாக எழுதி அந்த வேலையை இழந்தார். அதை நியாயப்படுத்த வழியில்லை. அவர்மேல் எனக்குள்ள மதிப்புக்காக அதை மறைக்கவும் மாட்டேன். 2018 புத்தாண்டு நாளில் டெய்லர் தம் கடைசி உலக இறுதிப் போட்டியை ராப் கிராஸிடம் தோற்று ஓய்வுபெற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று, லிவர்பூலில் டார்ட்ஸ் போட்டி ஒன்றுக்கு வந்திருந்த பிரிஸ்டோ தம் 60-ஆவது வயதில் மாரடைப்பால் காலமானார்.

பார்க்க விரும்புவோர் முதலில் 1983-இன் கடைசி செட்டையும் அதன்பின் 1997 அரையிறுதியையும் பாருங்கள். இரண்டாவதில் எண்களை விட்டுவிட்டு அவருடைய வலக்கையைக் கவனியுங்கள். 1983-இல் ஒரே ஓட்டமாகச் சென்ற கை, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எந்த இடத்தில் தயங்குகிறது, தயங்கியபின் எப்படிப் போகிறது என்பது தெரியும்.