ஆர்.வி. ஸ்லைடும் திறந்து கிடந்த டிராயரும்

வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோமில் ஒரு வாரம். படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, ஆர்.வி. என்பார்கள். நான், அக்கா, அத்தான், அவர்கள் மகள் என நான்கு பேர். வண்டியில் இரண்டு ஸ்லைடுகள். சோபாவும் சாப்பாட்டு மேசையும் இருந்த பக்கம் பெரியது, பின்னால் படுக்கையறையில் சின்னது. ஸ்லைடைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டி நின்ற பிறகு பட்டனை அழுத்தினால் பக்கச் சுவரின் ஒரு பகுதி, சோபா மேசையெல்லாம் சேர்த்து, வெளியே நகரும். நடுவில் நடக்க இடம் கிடைக்கும். கிளம்பும்போது திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். 1990-வாக்கில் நியூமார் நிறுவனம் தன் வண்டிகளில் இதைக் கொண்டுவந்தது. இன்று ஸ்லைடு இல்லாத பெரிய ஆர்.வி.யைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வண்டியை ஒப்படைத்தவர் காபி மெஷினுக்குப் பத்து நிமிடம் செலவிட்டார், டி.வி. ரிமோட்டுக்கு ஐந்து நிமிடம். ஸ்லைடுக்கு வந்தபோது, "இது வெளியே, இது உள்ளே" என்று பட்டனைக் காட்டினார். அவ்வளவுதான்.

முதல் ராத்திரி இருட்டிய பிறகுதான் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். மரங்களுக்கு நடுவே சரிவான இடம். களைப்பில் வண்டியைச் சரியாக மட்டம் பார்க்கவில்லை. ஸ்லைடு நல்லபடியாக வெளியே போனது, தூங்கிவிட்டோம். சனி மறுநாள் காலைதான் பிடித்தது.

கிளம்பும் அவசரம். பட்டன் இருக்கும் பலகை வாசலுக்குப் பக்கத்தில், நான் அதைப் பார்த்து நிற்கிறேன், ஸ்லைடு என் முதுகுக்குப் பின்னால். வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால், எதிர்ப்புற சமையல் மேடையின் கீழ் டிராயர் தானாகவே நழுவி ஒரு சாண் திறந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. ஸ்லைடு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மோட்டார் சத்தம் கொஞ்சம் கனத்தது. அங்கேதான் தப்பு செய்தேன். கடைசி அங்குலத்தில் ரப்பர் இறுகும்போது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து, பட்டனை விடாமல் இன்னும் அழுத்திப் பிடித்தேன். "மாமா, நிறுத்துங்க!" என்று அக்கா மகள் கத்தியதும், டிராயரின் முகப்புப் பலகை இரண்டாகப் பிளந்த சத்தமும் ஒன்றாகவே கேட்டன.

அத்தானுக்கு எதையும் கையேட்டில் பார்த்தால்தான் திருப்தி. அன்று மத்தியானம் முழுக்க அதில் மூழ்கிவிட்டார். எங்கள் வண்டியில் இருந்தது சுவருக்குள்ளேயே பொதிந்த வகை: ஸ்லைடின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சின்ன மோட்டார், பல் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடும். முழுதாகப் போய்ச் சேர்ந்ததை அது எப்படித் தெரிந்துகொள்கிறது? எதிலோ முட்டி, மோட்டார் அதிக மின்சாரம் இழுப்பதை வைத்துத்தான். அதாவது சுவரில் முட்டியதும் டிராயரில் முட்டியதும் அதற்கு ஒன்றுதான். தானாக நிற்கும், ஆனால் அதற்குள் ஒரு பலகையை உடைத்திருக்கும். இதைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பட்டன் மேல் ஒரு பயமே வந்துவிட்டது.

இந்த வகையில் இன்னொரு சிக்கல். பாதியில் நிறுத்துவது, கொஞ்சம் வெளியே கொஞ்சம் உள்ளே என்று விளையாடுவது இதற்கு ஆகாது. இரண்டு மோட்டாரும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகி ஸ்லைடு கோணலாக வரும். ஆபத்து என்றால் உடனே நிறுத்தத்தான் வேண்டும், அது வேறு. மற்றபடி கடைசி வரை ஓடவிட்டு, மோட்டார் அடங்கும் வரை பட்டனைப் பிடித்திருக்க வேண்டும். ஹைட்ராலிக் வகை, கேபிள் வகை என்று வேறு வண்டிகளில் வேறு மாதிரி. முதலில் மட்டமா, முதலில் ஸ்லைடா என்பதுகூட வண்டிக்கு வண்டி மாறுமாம். எங்கள் கையேடு முதலில் மட்டம் என்றது.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பட்டன் என் பொறுப்பு. அத்தான் வெளியே நிற்பார். அக்கா மகள் உள்ளே, கைக்கெட்டாத தூரத்தில், கண்காணிப்பு அதிகாரி. டிராயர், அலமாரிக் கதவு, குளியலறைக் கதவு, தரையில் கிடக்கும் செருப்பு, சார்ஜர் வயர் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். மூன்று பேரும் "சரி" சொன்னால்தான் பட்டன். ஒருநாள் சோபா ஓரத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில் உருண்டு கிடந்தது. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை, அவள்தான் பிடித்தாள். டிரைவர் சீட்டை முன்னே தள்ளச் சொன்னதும் அவளேதான். சாய்த்துப் பின்னே விட்டிருந்தால் பெரிய ஸ்லைடு அதில் வந்து இடித்திருக்கும்.

வெளியே அத்தானுக்கும் வேலை இருந்தது. இரண்டாவது முகாமில் மின் இணைப்புக் கம்பம் சரியாக ஸ்லைடு வரும் பக்கம். எனக்குக் கண்ணளவில் இடம் தாராளமாகத் தெரிந்தது. ஸ்லைடு எங்கள் வண்டியில் மூன்றடி வெளியே வரும் என்று கையேட்டில் பார்த்து, டேப் வைத்து அளந்தால் இரண்டே முக்கால் அடிதான் இருந்தது. வண்டியை நகர்த்தினோம். உள்ளே இழுக்கும்போதும் பார்க்க ஆள் வேண்டும், அடியில் இருக்கும் சாமான் அறைக் கதவு திறந்திருந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

ஒரு ராத்திரி நல்ல மழை. ஸ்லைடின் மேல் கூரை போல விரியும் துணியில் தண்ணீர் குளம் கட்டி நின்றது, கூடவே இலையும் சுள்ளியும். அப்படியே இழுத்திருந்தால் தண்ணீர் உள்ளே சரிந்திருக்கும், சுள்ளிகள் விளிம்பு ரப்பரைக் கிழித்திருக்கும். அத்தான் ஏணி வைத்து, நீளத் துடைப்பத்தால் தள்ளினார். பாதி தண்ணீர் அவர் மேலேயே விழுந்தது. இதை எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.

மின் இணைப்பே இல்லாத இடத்தில் ஒரு நாள் தங்கினோம். ராத்திரியெல்லாம் விளக்கு, மின்விசிறி. காலையில் ஸ்லைடை இழுத்தால் இரண்டடி வந்து முனகி நின்றுவிட்டது. மீட்டரில் பார்த்தால் பேட்டரி 12 வோல்ட்டுக்கும் கீழே. முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6-க்குப் பக்கத்தில் காட்டும். வோல்ட் குறைந்தால் மோட்டார் திணறும், சூடாகும், திரும்பத் திரும்ப அழுத்தினால் மொத்தமாகப் போய்விடும். என் கை மறுபடி பட்டனுக்குத்தான் போனது. அக்கா பிடித்து நிறுத்தினாள். எஞ்சினை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், ஒரே மூச்சில் உள்ளே வந்துவிட்டது. அந்த முக்கால் மணி நேரத்தில் அத்தான், மோட்டார் அறவே வேலை செய்யாவிட்டால் ஸ்லைடைக் கையால் எப்படி உள்ளே கொண்டுவருவது, அதற்கு வேண்டிய கருவி எங்கே என்று தேடினார். படுக்கைக்கு அடியில், போர்வைகளுக்குக் கீழே இருந்தது.

கடைசி நாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். டிராயருக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள், நியாயம்தான். ஸ்லைடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதே ஆள் வந்தார். முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். உள்ளே ஏறி ஒவ்வொரு டிராயரையும் கையால் தள்ளிப் பார்த்தார். தரையைப் பார்த்தார், பேட்டரி மீட்டரைப் பார்த்தார். அப்புறம், ஸ்லைடு தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டுதான் பட்டனில் விரலை வைத்தார்.

அக்கா மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதல் நாளே இதைச் செய்து காட்டியிருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. காபி மெஷினை மறக்காமல் கழுவி வைத்தீர்களா என்று அவர் முந்திக்கொண்டார்.